93 மார்க் எடுத்தவர் ஒருவர்கூட இல்லை... ஏன்? மார்க் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் குவியல் கதை!

2013-ம் ஆண்டு. ஐ.சி.எஸ்.இ பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் இணையத்தில் வெளியாகியிருந்த நேரம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர் ஒருவர், ஒரு சின்ன புரோகிராம் எழுதி அந்த முடிவுகளை மொத்தமாகத் திரட்டினார். லட்சத்துக்கும் அதிகமானவர்களின் மார்க். எந்த மார்க்கை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் படமாகப் போட்டுப் பார்த்தவருக்கு ஆச்சர்யம். பல் உடைந்த சீப்புபோல இருந்தது படம்.

81 எடுத்தவர் யாருமே இல்லை. 82 இல்லை. 84, 85, 87, 89, 91, 93... எதுவும் இல்லை. ஆனால், 94-ல் ஆரம்பித்து 100 வரை எல்லா எண்களிலும் ஆள் இருந்தார்கள். லட்சம் பேர் எழுதிய தேர்வில் ஒருவர்கூட 93 வாங்காமல் இருக்க முடியுமா?

முடிவுகளை அவர் அப்படித் திரட்டியது சரியா, தவறா என்று தனியாக ஒரு பஞ்சாயத்து நடந்தது. அது வேறு கதை. நமக்கு இங்கே சுவாரஸ்யம், அவர் பயன்படுத்திய கருவிதான். அது நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் 'புள்ளியியல்' பாடத்தில் இருக்கிறது. நிகழ்வெண் அட்டவணை, நிகழ்வுச் செவ்வகம். இரண்டாவதன் ஆங்கிலப் பெயர் ஹிஸ்டோகிராம். 'ஸ்கேல் வெச்சுக் கட்டம் போட்டா அஞ்சு மார்க்' என்று நாமெல்லாம் கடந்துவந்த அதே பாடம்தான். 'ஹிஸ்டோகிராம்' என்ற சொல்லை 1895-ல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன்.

சராசரி சொல்லாததை அட்டவணை சொல்லும்

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஏ செக்‌ஷன் கணக்கு சராசரி 61, பி செக்‌ஷன் சராசரியும் 61. ரெண்டும் ஒரே மாதிரி படிக்கிறாங்க' என்கிறார் ஆசிரியர். எல்லோரும் தலையாட்டுகிறோம். சராசரியை ஒதுக்கிவைத்துவிட்டு மார்க்குகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று எண்ணினால் இப்படி இருக்கலாம் (இது நான் போட்ட கற்பனைக் கணக்கு). ஏ செக்‌ஷனில் 40 பேர், பி செக்‌ஷனில் 30 பேர்.

30 முதல் 39 வரை: ஏ 2 பேர் (5%), பி 6 பேர் (20%)
40 முதல் 49 வரை: ஏ 6 பேர் (15%), பி 6 பேர் (20%)
50 முதல் 59 வரை: ஏ 10 பேர் (25%), பி 3 பேர் (10%)
60 முதல் 69 வரை: ஏ 12 பேர் (30%), பி 1 நபர் (3.3%)
70 முதல் 79 வரை: ஏ 7 பேர் (17.5%), பி 7 பேர் (23.3%)
80 முதல் 89 வரை: ஏ 2 பேர் (5%), பி 5 பேர் (16.7%)
90 முதல் 100 வரை: ஏ 1 நபர் (2.5%), பி 2 பேர் (6.7%)

பிரிவுக்குள் எத்தனை பேர் என்பது நிகழ்வெண். அதை மொத்த ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஒப்பீட்டு நிகழ்வெண். 100-ஆல் பெருக்கினால் சதவிகிதம். அவ்வளவுதான், வேறு சூத்திரம் எதுவும் கிடையாது. எல்லாப் பிரிவுகளையும் கூட்டினால் 100 வர வேண்டும். வரவில்லையென்றால், எங்கேயோ ஒருவரை எண்ணாமல் விட்டிருக்கிறோம் அல்லது ஒருவரையே இரண்டு முறை எண்ணியிருக்கிறோம்.

70 முதல் 79 வரையுள்ள வரியைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு செக்‌ஷனிலும் ஏழு பேர்தான். 'சரிசமம்' என்று சொல்லத் தோன்றும். ஆனால், 40 பேரில் ஏழு பேர் வேறு, 30 பேரில் ஏழு பேர் வேறு. 17.5-க்கும் 23.3-க்கும் நடுவே இருக்கும் தூரம், தலையை மட்டும் எண்ணினால் தெரியாது. ஆட்களின் எண்ணிக்கை மாறுகிற இரண்டு கூட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டுமென்றால், இந்தப் பங்குக் கணக்கு இல்லாமல் முடியாது. பெரிய மாவட்டத்தையும் சின்ன மாவட்டத்தையும் ஒப்பிடும் செய்திகளில் வெறும் எண்ணிக்கையை மட்டும் போட்டுவிட்டு, 'முதலிடம்' என்று தலைப்பு வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் தொழிலில் அது தினமும் நடக்கிற விஷயம்தான்.

இதையே படமாக்கினால் ஏ செக்‌ஷன் நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரியும் ஒரே மேடாகத் தெரியும். பி செக்‌ஷன் ஒட்டகத்தின் முதுகு: இடதுபுறம் ஒரு திமில், வலதுபுறம் ஒரு திமில், நடுவில் பள்ளம். அந்த வகுப்பில் சராசரியான 61-க்குப் பக்கத்தில் மார்க் வாங்கியவர் ஒரே ஒருவர்தான். அங்கே 12 பிள்ளைகள் 50-க்குக் கீழே நிற்கிறார்கள், 14 பேர் 70-க்கு மேலே நிற்கிறார்கள். ஆசிரியர் எந்த வேகத்தில் பாடம் நடத்தினாலும் பாதிப் பேருக்கு ஒட்டாது. இரண்டு வகுப்புக்கும் ஒரே ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் யாருக்கு லாபம் என்பதைப் பெற்றோரே யோசித்துக்கொள்ளலாம்.

ஹிஸ்டோகிராமில் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். பிடித்த ஐஸ்க்ரீம், பிடித்த நடிகர் என்று போடும் பட்டை விளக்கப்படத்தில் நடுவில் இடைவெளி விடுவார்கள். காரணம் இருக்கிறது. வெனிலாவுக்கும் பிஸ்தாவுக்கும் நடுவே எதுவும் கிடையாது, அவற்றை இடம் மாற்றியும் வைக்கலாம். மார்க், எடை, வயது, சர்க்கரை அளவு போன்றவை அப்படியில்லை. ஒரு பிரிவு முடிகிற இடத்தில் அடுத்தது ஆரம்பிக்கிறது. அதனால்தான் ஹிஸ்டோகிராமில் இடைவெளி தெரிந்தாலே, 'இங்கே ஏன் ஆள் இல்லை?' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கத்தியை எங்கே வைப்பது?

பத்துப் பத்தாகப் பிரித்தேன் என்றேன் அல்லவா, அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தேர்ச்சிக்கு 35 வேண்டும். நான் வைத்த பிரிவு 30 முதல் 39 வரை. பி செக்‌ஷனில் அதற்குள் இருக்கும் ஆறு பேரில் எத்தனை பேர் பாஸ், எத்தனை பேர் ஃபெயில்? அட்டவணையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஆறு பேரும் 38 எடுத்திருக்கலாம், ஆறு பேரும் 33 எடுத்திருக்கலாம். படம் ஒன்றேதான்.

பிரிவை ஐந்து ஐந்தாக வைத்திருந்தால் 30 முதல் 34, 35 முதல் 39 என்று கோடு சரியாகத் தேர்ச்சி மார்க்கில் விழுந்திருக்கும். அதற்காக ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு பட்டை வைத்தால், 40 பேர் கொண்ட வகுப்பில் படம் முள்வேலி மாதிரி ஆகிவிடும், மேடும் தெரியாது பள்ளமும் தெரியாது. மாறாக, 0 முதல் 50, 51 முதல் 100 என்று இரண்டே பிரிவு வைத்தால் பி செக்‌ஷனின் ஒட்டகத் திமில்கள் கரைந்துபோகும். சரியான அகலம் இதுதான் என்று விதி எதுவும் கிடையாது. இரண்டு மூன்று அகலத்தில் போட்டுப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். யாராவது ஒரே ஒரு படத்தைக் காட்டி வாதாடினால், 'வேற அகலத்துல போட்டா எப்படி இருக்கும்?' என்று கேளுங்கள். நல்ல கேள்வி அது.

பிரிவுகளின் அகலம் ஒன்றுபோல இல்லாவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். மார்க் வாரியாக எத்தனை பேர் என்று வெளியாகும் பட்டியல்களில், மேலே உள்ள பிரிவு 25 மார்க் அகலத்திலும் கீழே உள்ள பிரிவு 100 மார்க் அகலத்திலும் இருந்தால், கீழே கூட்டம் அதிகமாகத் தெரிவது இயல்புதான். நாலு மடங்கு பெரிய வலை, நாலு மடங்கு மீன். அப்படிப்பட்ட பட்டியலைப் படமாக்கும்போது பட்டையின் உயரத்தை விட்டுவிட்டு, அதன் பரப்பளவு ஆட்களின் எண்ணிக்கையைக் காட்டும்படி வரைய வேண்டும்.

காணாமல்போன மார்க், முளைத்த கோபுரம்

ஐ.சி.எஸ்.இ விவகாரத்துக்கு வருவோம். அந்த மாணவர் ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு பட்டை என்று மிக மெல்லிய அகலத்தில் வரைந்ததால்தான் ஓட்டைகள் தெரிந்தன. பத்துப் பத்தாகப் பிரித்திருந்தால் 80 முதல் 89 வரை நிறைய பேர் இருப்பதாக அழகான மேடு தெரிந்திருக்கும், ஓட்டைகள் உள்ளேயே மறைந்திருக்கும்.

ஓட்டை இருந்தாலே மோசடி என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. 50 மார்க்குக்கு நடந்த தேர்வை 100-க்கு மாற்றினால், ஒற்றைப்படை மார்க் யாருக்குமே வராது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, ரப்பரை இழுத்தால் நடுவில் இடைவெளி விழும். தேர்வு வாரியங்கள் கடினமான வினாத்தாளுக்கு ஈடுகட்ட மார்க்கைச் சமன்செய்வது உண்டு. அந்தச் சமன்செய்தல்தான் 93-ஐ விழுங்கியிருக்க வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். ஆனால், அப்படி ஒன்று நடக்கிறது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருந்தது. விவாதம் சூடானது அதனால்தான்.

ஓட்டைக்கு எதிர்ப்பதம் கோபுரம். சி.பி.எஸ்.இ பன்னிரண்டாம் வகுப்பு மார்க்குகளில், பல பாடங்களில் 95 என்ற ஒரே எண்ணில் கூட்டம் குவிந்திருப்பதைப் பலர் சுட்டிக்காட்டினார்கள். மார்க்கைக் கூட்டிக்கொடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் போகாமல் நிறுத்தினால், ஓடிவந்த எல்லோரும் அந்த வாசலில்தான் வந்து நிற்பார்கள். கல்லூரிகளின் கட்-ஆஃப் 95-ஐத் தாண்டி எகிறும் காலத்தில் இது விளையாட்டு விஷயமில்லை. 2017 ஏப்ரலில், இப்படி மார்க் ஏற்றிக்கொடுக்கும் முறையைக் கைவிடுவதென்று சி.பி.எஸ்.இ-யும் பல மாநில வாரியங்களும் கூடி முடிவெடுத்தன. தேர்வை எழுதி முடித்துவிட்ட மாணவர்களுக்கு நடுவழியில் விதியை மாற்றக் கூடாது என்று வழக்கு போனது. அந்த ஆண்டு பழைய முறையே தொடர வேண்டும் என்று அடுத்த மாதமே உத்தரவிட்டது டெல்லி உயர் நீதிமன்றம்.

இதைவிட எனக்குப் பிடித்தது போலந்து நாட்டுக் கதை. அங்கே பள்ளி இறுதித் தேர்வுக்குப் பெயர் மத்துரா. தேர்ச்சிக்கு 30 சதவிகிதம் தேவை. போலிஷ் மொழித் தாளின் மொத்த மார்க் 70 ஆக இருந்த ஆண்டுகளில் பாஸ் மார்க் 21. அந்தத் தாளின் ஹிஸ்டோகிராம் மணி வடிவில் அழகாக ஏறி இறங்குகிறது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. 21-க்குச் சற்றுக் கீழே திடீர்ப் பள்ளம். சரியாக 21-ல் ஒரு கோபுரம். கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர்கள் 19, 20 என்று வந்து நின்ற பிள்ளைகளுக்கு எங்கேயோ ஒரு மார்க்கைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் அதற்குப் பொருந்தவில்லை. எந்த ஆசிரியரும் வாய் திறந்து சொல்லவில்லை, படம் சொல்லிவிட்டது. நம் ஊரில் '33 எடுத்தா 35 போட்டு விட்டுருவாங்க' என்று சொல்கிற பேச்சுக்கு இப்படி ஒரு படம் போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

'எனக்கு ஒரு அறுவது இருக்கும்!'

மார்க்கைத் திருத்துவது ஆசிரியர்கள். வயதைத் திருத்துவது நாமேதான்!

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது வாரியான பட்டியல் உண்டு. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பட்டை வைத்து வரைந்தால் 30, 35, 40, 45, 50, 60 ஆகிய இடங்களில் பட்டைகள் எகிறி நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் 29, 31, 39, 41 எல்லாம் பள்ளத்தில் கிடக்கும். 40 வயதுக்காரர்கள் அத்தனை பேர் பிறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டே பிறப்பு பாதாளத்துக்கா போயிருக்கும்? கணக்கெடுப்பாளர் கேட்டபோது 'நாப்பது போட்டுக்கோங்க சார்' என்று சொன்னவர்கள் சேர்ந்து கட்டிய கோபுரம் அது. பிறப்புச் சான்றிதழே இல்லாத தலைமுறைக்கு வயது என்பது ஓர் உத்தேசம்.

இந்த உத்தேசம் எவ்வளவு என்று அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. கேட்கப் பயமாக இருந்தாலும் உள்ளே இருப்பது நம்முடைய ஒப்பீட்டு நிகழ்வெண்தான். 23 முதல் 62 வரை மொத்தம் 40 வயதுகள். அவற்றில் 0-விலோ 5-லோ முடிபவை 25, 30, 35 என்று 60 வரை எட்டு. 40-ல் எட்டு என்றால் 20 சதவிகிதம். எல்லோரும் வயதைச் சரியாகச் சொன்னால் இந்த எட்டு வயதுக்காரர்களின் பங்கு சுமாராக 20 சதவிகிதம்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் குறியீடு 100. பங்கு 40 சதவிகிதமாக இருந்தால் குறியீடு 200. எல்லோருமே முழு எண்ணாகச் சொல்லிவிட்டால் 500. ஐ.நா-வின் அளவுகோலில் 175-ஐத் தாண்டினாலே அந்த வயதுக் கணக்கு மிகவும் கரடுமுரடானது.

'பாட்டி இரண்டு வயசைக் கூட்டிச் சொன்னால் என்ன குடி முழுகிப்போகும்?' என்று கேட்கலாம். கணக்கெடுப்பு அறிக்கைகளில் வயது பெரும்பாலும் 55 முதல் 59, 60 முதல் 64 என ஐந்து ஐந்தாகத்தான் அச்சாகும். 58, 59 வயதில் இருப்பவர்கள் 60 என்று சொல்லும்போது அடுத்த பிரிவுக்கு ஏறிவிடுகிறார்கள். 61, 62 வயதில் இருப்பவர்கள் 60 என்று சொன்னாலும் அதே பிரிவிலேயே இருக்கிறார்கள். ஏறுபவர்கள் உண்டு, இறங்குபவர்கள் இல்லை. முதியோர் உதவித்தொகை போன்ற திட்டங்கள் கோடு போடுவது சரியாக அந்த 60-ல்தான். எத்தனை பேருக்குப் பணம் ஒதுக்குவது என்ற கணக்கு, இந்த 'ஒரு அறுவது இருக்கும்' மீது உட்கார்ந்திருக்கிறது.

பிறந்த மாதத்திலும் இதே கூத்து உண்டு. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியாரே போட்ட பிறந்த தேதி, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது இருக்கும். ஜூனில் பள்ளி திறக்கிறது, அதற்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், எனவே மே மாதத்தில் ஒரு தேதி! கேரளாவில் இதன் விளைவை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்டுதோறும் மே 31 அன்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வுபெறுகிறார்கள். அரசு அலுவலகங்களில் ஒரே மாலையில் அத்தனை பிரிவு உபசார விழா. ஓய்வுக்கால நிதி மொத்தமாக ஒரே சமயத்தில் கொடுக்க வேண்டியிருப்பதால், மாநில நிதித்துறைக்கு மே மாதம் வந்தாலே தலைவலி. மாதவாரியாக ஒரு ஹிஸ்டோகிராம் போட்டால், மே மாதப் பட்டை மட்டும் தென்னை மரம்போல நிற்கும். நட்டது, பல பத்தாண்டுகளுக்கு முன் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பேனா பிடித்தவர்கள்.

வீட்டு நோட்டிலிருந்து மொபைலுக்கு

வீட்டில் பி.பி பார்க்கிறவர்கள் இதை இன்றே செய்து பார்க்கலாம். பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கும். எனவே அளவுகள் 0, 2, 4, 6, 8-ல் முடியும், ஒவ்வொன்றும் சுமார் 20 சதவிகிதம் வர வேண்டும். ஆனால், பூஜ்யத்தில் முடியும் அளவுகள் அதைவிட அதிகமாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். 138-ஐ 140 என்று எழுதுவது சின்ன விஷயமாகத் தெரியலாம். மருத்துவமனையில் பார்க்கும்போது 140 என்பது பல மருத்துவர்கள் கவனமாகப் பார்க்கும் கோடு. உங்கள் நோட்டில் எல்லாமே 120, 130, 140 என்று இருந்தால், இனி திரையில் தெரிவதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். டிஜிட்டல் கருவியில் 137 என்று வந்தால் 137.

ஒரு மாத அளவுகளை மொபைலில் கூகுள் ஷீட்டில் ஒரே நெடுவரிசையில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரில் திறந்தால் சார்ட் பகுதியில் ஹிஸ்டோகிராம் என்றே ஒரு வகை இருக்கிறது. 'பக்கெட் சைஸ்' என்று அது கேட்பதுதான் நாம் இவ்வளவு நேரம் பேசிய பிரிவு அகலம். 5 வைத்துப் பாருங்கள், பிறகு 10. காலை அளவையும் மாலை அளவையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். கலந்துவிட்டு இரண்டு திமில் தெரிகிறதே என்று பயப்படுவதில் அர்த்தமில்லை. எத்தனை சதவிகித நாள்கள் எந்தப் பிரிவில் இருந்தன என்பது, 'இந்த மாசம் சராசரி 132' என்பதைவிட நிறைய விஷயம் சொல்லும்.

டாக்டரிடம் போகும்போது படத்தோடு அந்தப் பழைய நோட்டையும் எடுத்துப் போங்கள். மாத்திரை மாற்றிய பிறகு அளவு இறங்கியதா, ஏறியதா என்று அவர் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத் தேதி வேண்டும், ஹிஸ்டோகிராமில் தேதி கிடையாது.